கெட்டிமேளத்துக்குப் பிறகு

கல்யாண மண்டபத்தில் எங்களுக்கென்று ஒரு மூலை உண்டு. மேடைக்குப் பக்கவாட்டில், ஸ்பீக்கர் பெட்டிக்கும் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கும் நடுவே ஒரு ஜமக்காளம். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. இதுதான் செட்டு. அங்கே உட்கார்ந்தால் மாப்பிள்ளை முகம் தெரியாது, பெண் முகமும் தெரியாது. மணவறைத் தூண், நாலைந்து முதுகுகள், வாத்தியாரின் வலது கை, இவ்வளவுதான். ஓமப்புகை மட்டும் தவறாமல் எங்கள் கண்ணைத் தேடி வரும். நாற்பத்தைந்து வருஷமாக நான் கல்யாணம் பார்த்தது பெரும்பாலும் இந்தக் கோணத்தில்தான்.

மந்திரம் எனக்குத் தெரியாது. எந்தத் தட்டு எப்போது நகரும் என்று தெரியும். கூறைப்புடவைத் தட்டு பெண்ணோடு உள்ளே போனால் திரும்பி வரக் குறைந்தது இருபது நிமிஷம். நாயனம் வாசிக்கிற அண்ணன், என் பெரியப்பா மகன், அந்த நேரத்துக்காகவே காத்திருப்பார். கேட்க ஆளில்லை, நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. அவர் வாசித்த நல்ல தோடியெல்லாம் பெண் புடவை மாற்றிய நேரத்தில் வாசித்ததுதான். தாலி வைத்த தேங்காய்த் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூட்டத்துக்குள் இறங்கியதும் நான் விரலில் கூடு மாட்டியிருக்க வேண்டும். கூடு என்பது வலது கை விரல்களுக்குப் போடுகிற உறை. துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கட்டை மாதிரி இறுகிவிடும். இடது கையில் பூவரசங்கம்பு. ஆறு விஷயம் மறந்தாலும் பரவாயில்லை, கூடு மட்டும் பையில் இருக்கவேண்டும் என்பார் அப்பா.

1979, ஆவணி மாதம். கும்பகோணத்தில் ஒரு சத்திரம். அதுவரை அப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது தவிலாக உட்கார்ந்தவன், அவருக்குக் காய்ச்சல் என்பதால் அன்று முதல் தவிலாக உட்கார்ந்தேன். எனக்கு இருபது வயசு. தாலித் தட்டு கூட்டத்தில் எங்கேயோ சிக்கிக்கொண்டது. கடைசி வரிசையில் ஒரு பாட்டி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமியாக வேண்டிக்கொண்டிருந்தாளாம். முகூர்த்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ‘சீக்கிரம் கொண்டு வாங்கோ’ என்று வாத்தியார் வலது கையைத் தூக்கி ஆட்டினார். நான் கண்டது அந்தக் கையைத்தான். அடித்துவிட்டேன்.

கெட்டிமேளம் கிளம்பிவிட்டால் எதற்குக் கிளம்பியது என்று யாரும் பார்ப்பதில்லை. முந்நூறு பேர் எழுந்து நின்று அட்சதையை வீசினார்கள். மாப்பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் முழங்காலால் என் தொடையில் இடித்தபோதுதான் நிறுத்தினேன். ஒரு மூச்சு நேரம் மண்டபமே வாயடைத்திருந்தது. யாரோ ஓர் அம்மாள் “இதென்னடி அபசகுனம்” என்று ஆரம்பிப்பதற்குள் வாத்தியார் மேடையிலிருந்து கணீரென்று சொன்னார்: “மங்கள வாத்தியம் தாலியை அழைச்சுண்டு வர்றது. பேஷ்! நிறுத்தாதேங்கோ, வாசிங்கோ!” தட்டு மேடையேறும் வரைக்கும் வாசித்தேன். முடிச்சு விழும்போது இன்னொரு தரம். அட்சதைக்கு அரிசி தீர்ந்து, சமையல்கட்டிலிருந்து மஞ்சளில் பிரட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

சாப்பாடு முடிந்து வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர், “என் கையை ஏண்டா பாக்கறே?” என்றார். “விசிறி வேணும்னாலும் நான் கையைத் தூக்குவேன். மாப்பிள்ளை முழங்கையைப் பாரு. ரெண்டு முழங்கையும் சேந்தாப்ல மேலே போனா முடிச்சுப் போடப்போறான்னு அர்த்தம்.” பின்னாலிருந்து பார்க்கிற எனக்கு முழங்கைதான் நன்றாகத் தெரியும் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பிறகு, “கெட்டிமேளம் எதுக்குன்னு தெரியுமோ?” என்று கேட்டார்.

“தாலி ஏறுதுன்னு எல்லாருக்கும் தெரியணும்ல, சாமி.”

“அதுக்கு ஒரு மணி ஆட்டினாப் போறாதா? யாராவது தும்முவா. ஒரு குழந்தை வீல்னு கத்தும். எவனாவது பந்தில கரண்டியைக் காணோம்னு நாக்கூசாம பேசுவான். அந்த நேரத்துல அதெல்லாம் அவா ரெண்டு பேர் காதுலயும் விழப்படாது. அதுக்குத்தான் நீ. நீ அப்போ வித்வான் இல்லே, கதவு.”

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. ஆனால் யோசித்தால், கெட்டிமேளத்துக்குத் தாளக் கணக்கு கிடையாது. அரை மணி நேரம் கணக்குப் பார்த்துத் தனி ஆவர்த்தனம் வாசிக்கிறவனும் அந்த இரண்டு நிமிஷம் கணக்கை விட்டுவிட்டு, இடைவெளி விழாமல் உருட்டத்தான் வேண்டும். இடைவெளி விட்டால் கதவில் சந்து.

‘கதவு’ என்ற அந்தச் சொல்லின் முழு அர்த்தம் புரிய எட்டு வருஷம் ஆனது. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம். பெண்ணின் பாட்டி கொல்லைப்புற அறையில் மாதக்கணக்காகப் படுக்கை. முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது பெண்ணின் தாய்மாமன் வந்து அண்ணன் காதருகே குனிந்தார். “நிறுத்தாதீங்க. என்ன ஆனாலும் நிறுத்தாதீங்க.” என்ன ஆனது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்ததே போதுமாக இருந்தது. அண்ணன் ஓர் உருப்படியை முடித்துச் சீவாளியை நனைக்கிற இடைவெளியில் நான் தனியாக நிரப்பினேன். எனக்குக் கை ஓய்ந்தால் இரண்டாவது தவில் நிரப்பினார். காப்புக் கட்டிவிட்டால் தீட்டு இல்லை என்று சாஸ்திரம் வழிவிட்டிருக்கலாம், அழுகைக்கு யார் காப்புக் கட்டுவது? தாலி ஏறியது. தீ வலம் வந்தார்கள். பால் பழம் கொடுத்தார்கள். பெண்ணை வேனில் ஏற்றினார்கள். வேன் தெருமுனை திரும்பியதும் வீட்டுக்குள்ளே ஒரு குரல் எழுந்தது. சுருதிப்பெட்டியை அணைத்துவிட்டோம். கூட்டைக் கழற்றினால் நகக்கண்ணில் ரத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கவேண்டும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் நிறுத்தாமல் வாசித்தவனும் நான்தான்.

கும்பகோணத்து வாத்தியாரோடு எனக்குப் பழக்கம் நீடித்ததற்குக் காரணம் டவுன் பஸ். இரண்டு பேருக்கும் ஒரே முகூர்த்தம், ஒரே கடைசிப் பந்தி, ஒரே பஸ். தவிலை டிரைவருக்குப் பின்னால் வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் நிற்பேன். நகர்ந்து உட்கார்ந்து இடம் தருவார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. நான் கேட்பேன், அவர் சொல்வார்.

காசி யாத்திரை என்று குடையும் விசிறியும் கைத்தடியுமாக மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு நடப்பதும் மாமனார் கையைப் பிடித்து இழுத்து வருவதும் எனக்கு விளையாட்டாகத்தான் பட்டது. படிப்பு முடித்த பிரம்மசாரிக்குச் சந்நியாசம், சம்சாரம் என்று இரண்டு வழி. முதல் வழியில் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்புகிறான் என்றார். “திரும்பாமப் போனவன் யாராவது உண்டா சாமி?” என்றேன். “செருப்பு கடிக்கறதுன்னு திரும்பினவன்தான் ஜாஸ்தி.” அம்மியில் கால் வைக்கும்போது இந்தக் கல்லைப் போல உறுதியாக நில் என்கிறது மந்திரம். கஷ்டம் வந்தாலும் எதிரி வந்தாலும் அசையாதே என்று பெண்ணுக்குச் சொல்வது. மெட்டி போடுவது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பெண்ணின் சகோதரன் அவள் கையில் நெற்பொரியை அள்ளி வைக்க அவள் தீயிலிடுகிறாள். கல்யாணமாகிப் போனாலும் பிறந்த வீட்டுக் கை அவள் கைக்குள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொள் என்றார். இது சாஸ்திரமா அவருடைய சொந்தச் சரக்கா என்று இன்றுவரை தெரியாது, எனக்குப் பிடித்திருந்தது. அருந்ததி பார்ப்பது ராத்திரி நடக்கவேண்டிய காரியம். வசிஷ்ட நட்சத்திரத்தை ஒட்டி மங்கலாகத் தெரிகிற அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பகல் பதினொரு மணிக்கு மண்டபத்துக்குள் டியூப்லைட்டைக் காட்டி “பார்த்தியா?” என்று கேட்டால் எந்தப் பெண்ணும் “பார்த்தேன்” என்றுதான் சொல்வாள். “முதல் பொய்யை நாமே சொல்லிக் கொடுத்துடறோம்” என்று சிரித்தார்.

ஒரு நாள் நான் பெருமையாக, கல்யாணத்தில் உயிரான இடம் தாலிதான், அதற்கு வாசிக்கிறவன் நான் என்கிற தோரணையில் ஏதோ சொல்லிவிட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நிறுத்தம் கழித்துச் சொன்னார். தாலி கட்டும்போது சொல்வது வேத மந்திரமே இல்லை, பின்னால் வந்த ஒரு சுலோகம். என் வாழ்வுக்குக் காரணமான இந்தக் கயிற்றை உன் கழுத்தில் கட்டுகிறேன், நூறு வருஷம் இரு என்று பொருள். ஆபஸ்தம்பர் எழுதிய கிருஹ்ய சூத்திரத்தில் தாலியே கிடையாது. கல்யாணம் முடிகிற இடம் சப்தபதி. பெண்ணின் வலது கால் கட்டைவிரலைப் பிடித்து ஏழு அடி நடத்துகிறானே, அது. முதல் அடி சோற்றுக்கு, இரண்டாவது பலத்துக்கு, மூன்றாவது விரதத்துக்கு, நாலாவது சுகத்துக்கு, ஐந்தாவது ஆடுமாட்டுக்கு, ஆறாவது பருவங்களுக்கு, ஏழாவது வேள்விகளுக்கு. ஒவ்வொரு அடிக்கும் விஷ்ணு உன் பின்னால் வரட்டும் என்று சொல்கிறான். ஏழாவது அடி வைத்ததும் அவளைப் பார்த்து அவன் சொல்லும் முதல் வார்த்தை பெண்டாட்டி இல்லை. தோழமை. ஏழடி கூட நடந்துவிட்டோம், சிநேகமாக இரு என்கிறான்.

“அந்த இடத்துக்கு நான் மேளம் கேட்டு எத்தனை தரம் கையைத் தூக்கியிருக்கேன் தெரியுமோ?” என்றார். “நீங்க ஒருத்தரும் இருக்கறதில்லே. காபி குடிக்கப் போயிடறேள்.”

உண்மை. கெட்டிமேளம் முடிந்ததும் எங்களுக்கு வேலை முடிந்த மாதிரி. வேர்வை துடைத்து, கூட்டைக் கழற்றி, ஓர் ஆளை மட்டும் ஒப்புக்கு உட்காரவைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவோம். ஜனங்களும் அப்படித்தான். தாலி ஏறிய கையோடு மொய்க் கவர், போட்டோ, பந்தி.

தஞ்சாவூரில் ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணத்தில் இதையே அந்த வக்கீல் வாயால் கேட்டேன். 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம், ஏழாவது பிரிவு: சப்தபதி வழக்கமுள்ளவர்களுக்கு ஏழாவது அடி வைக்கும்போதுதான் திருமணம் முழுமையாகிறது. தாலி என்ற சொல் அங்கே இல்லை. தாலி சட்டத்துக்குள் வந்தது நம்ம ஊர் வழியாக. 1967இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த 7ஏ பிரிவில், புரோகிதர் இல்லாமல் உறவினர் நண்பர் முன்னால் புரிகிற மொழியில் ஏற்றுக்கொண்டு, மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் செல்லும் என்றார்கள். அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைக் கல்யாணங்களும் செல்லுபடியாயின. 2024இல் உச்ச நீதிமன்றம், சடங்கே நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருந்தால் இந்துத் திருமணம் ஆகாது, கல்யாணம் என்பது ஆட்டம் பாட்டம் விருந்துக்கான நிகழ்ச்சி அல்ல என்று சொன்னதைப் பேப்பரில் படித்தேன். பாட்டம் என்று அவர்கள் சொன்னது டிஜேயை என்று வைத்துக்கொண்டேன்.

சுயமரியாதைக் கல்யாணம் எங்கள் வட்டாரத்தில் நிறைய. வாசிக்கவும் எனக்குப் பிடிக்கும். மேடைக்கு எதிரே உட்காரவைப்பார்கள், முகம் தெரியும். ஒரே சிக்கல், கெட்டிமேளம் கேட்க ஆள் கிடையாது. தலைவர் வாழ்த்துரையை ஆரம்பித்து, வரலாற்றுக்குள் போய், வெளியே வந்து, தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். கைதட்டலுக்கு நடுவே நாங்களே ஊகித்து அடிக்கவேண்டும். அப்படி ஒரு கல்யாணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ஐயரும் வேண்டாம், ஓமமும் வேண்டாங்கிறாங்க, எங்களை மட்டும் ஏன் ஐயா கூப்பிடுறாங்க?” என்று கேட்டேன். அகநானூற்றில் 136ஆம் பாட்டைச் சொன்னார். மணல் பரப்பிய பந்தல், நெய்ச்சோற்று விருந்து, நல்ல நாள், அருகம்புல்லும் மொட்டும் சேர்த்துக் கட்டிய வெள்ளை நூல். தீ இல்லை, பொன் தாலி இல்லை. ஆனால் மணமுழவு இருக்கிறது, பெரிய முரசு இருக்கிறது. “புரோகிதரும் தீவலமும் சிலப்பதிகாரத்துக் கண்ணகி கல்யாணத்தில் வருது. நீங்க அதுக்கு முந்தியே வந்தாச்சு.” அன்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாயனக்காரர்கள் கதை வேறு. அண்ணன் கல்யாணப் பந்தலில் முகாரி வாசித்ததே இல்லை. அழுகை ராகம் என்று பேர் எடுத்துவிட்டது, அந்தப் பேர் நியாயமில்லை என்பது அவர் கட்சி, ஆனாலும் வாசிக்கமாட்டார். ரிசப்ஷனில் ‘சிங்கார வேலனே’ கேட்டால் மட்டும் முகம் மலரும். 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’க்குக் காருகுறிச்சியார் வாசித்தது. அதற்கு வாசிக்கிறபோது மற்ற சினிமாப் பாட்டுக்கு வருகிற சலிப்பு அவருக்கு வராது.

இப்போது எனக்கு உபத்திரவம் போட்டோகிராபர். வாத்தியார் சொல்லிக்கொடுத்த முழங்கைக் கணக்கு முப்பது வருஷம் தவறியதில்லை. அதை உடைத்தது காமிராதான். “சார், ஒரு செகண்ட், அப்படியே தூக்கிப் பிடிங்க. இங்க பாருங்க. சிரிங்க.” இரண்டு முழங்கையும் மேலே போகிறது, முடிச்சு விழவில்லை. நான் பாதி உருட்டலில் கையை இழுத்துக்கொள்ளவேண்டும். ஒரு கல்யாணத்தில் மூன்று தரம் தாலியைத் தூக்கி மூன்று தரம் இறக்கினார்கள். முகூர்த்தத்தை நிமிஷக் கணக்கில் பத்திரிகையில் அச்சடித்தவர்கள்தான். இப்போது நான் நாத்தனாரைப் பார்க்கிறேன். மூன்றாவது முடிச்சுக்காகப் பெண்ணுக்குப் பின்னால் குனிகிறவளை எந்தக் காமிராக்காரனும் நிறுத்திவைப்பதில்லை. அவள் முதுகு வளைந்தால் காரியம் நடக்கிறது.

கும்பகோணத்து வாத்தியார் காலமாகிவிட்டார். அவர் மகன் இப்போது செய்துவைக்கிறார். ஸ்கூட்டரில் வருகிறார், காலர் மைக் மாட்டிக்கொள்கிறார். போன ஆனியில் அவரோடு ஒரு கல்யாணம். தாலி ஏறிற்று, அட்சதை எங்கள் முதுகில் வழக்கம்போல விழுந்தது. (வீட்டுக்குப் போய்த் தவிலைத் துடைத்தால் போல்ட்டு சந்திலெல்லாம் மஞ்சள் அரிசியாக இருக்கும்.) பத்து நிமிஷத்தில் மண்டபம் காலி. எல்லாரும் கீழே பந்தியில். எங்கள் செட்டுத் தம்பிகளும் காபிக்கு எழுந்தார்கள். எனக்கு முட்டி வலி, மாடிப்படி இறங்கச் சோம்பலாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் கால் விரலைப் பிடித்தார். மேடையில் ஆறு பேர். கூடு இன்னும் கையில் இருந்தது. முதல் அடிக்குத் தவிலின் தொப்பிப் பக்கத்தில் கம்பால் ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். வாத்தியார் செய்துவைக்கிற கல்யாணத்தில் பெண்ணின் முகத்தை நான் முகூர்த்தத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது அடிக்கு இன்னொரு தட்டு. ஐந்தாவதில் அவள் கால் எடுத்து வைக்காமல் தட்டு விழக் காத்திருந்தாள், மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏழாவது அடிக்கு விரலும் கம்புமாக முழுக் கெட்டிமேளம் அடித்தேன்.

கீழே பந்தியில் என்ன நினைத்தார்களோ, சாம்பார்க் கையோடு நாலைந்து பேர் படியேறி எட்டிப் பார்த்தார்கள். போட்டோகிராபர் வாயில் ஜாங்கிரியோடு காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “மறுபடியும் தாலியா சார்?” என்றார்.

சின்ன வாத்தியார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, “இது எந்த சாஸ்திரம் மாமா?” என்று கேட்டார்.

“உங்கப்பா சாஸ்திரம்தான் சாமி. பாக்கி இருந்துச்சு.”

நான் கீழே இறங்கியபோது கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்திருந்தது. ரசம் சூடாக இருந்தது, இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன்.